ஜேனட் டிராவெல்

ஜேனட் கிரேம் டிராவெல் (டிசம்பர் 17, 1901 – ஆகஸ்டு 1, 1997) அமெரிக்க மருத்துவரும் மருந்தியல் பேராசிரியரும் ஆவார். தசைகளிலிருந்து தோன்றும் வலியைப் பற்றி ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஆய்ந்தவர். இன்று பல நாடுகளில் மசாஜ் செய்வோரும் இயன்முறை மருத்துவர்களும் டிரிகர் பாயிண்ட் சிகிச்சை என்ற பெயரில் கையாளும் முறை பெரும்பாலும் இவர் தொகுத்த வலி வரைபடங்களையே அடிப்படையாகக் கொண்டுள்ளது. 1961 ஆம் ஆண்டில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஜான் எஃப். கென்னடி இவரைத் தம் மருத்துவராக நியமித்தார். அப்பதவிக்கு வந்த முதல் பெண் இவரே. பொதுமக்கள் இவரைக் கென்னடியின் மருத்துவராகவே அறிந்திருந்தனர். ஆனால் இவருடைய முதன்மையான பணி அதற்கு இருபது ஆண்டுகள் முன்னரே தொடங்கி, அது முடிந்து முப்பது ஆண்டுகள் வரை நீடித்தது.

தூண்டுபுள்ளி என்பது

டிரிகர் பாயிண்ட் என்பதை இக்கட்டுரையில் தூண்டுபுள்ளி எனக் குறிப்பிடுவோம். டிராவெலின் விளக்கப்படி, நெடுநேரம் ஒரே நிலையில் இறுகியிருந்த தசையிலோ திடீரெனப் பளு தாங்கிய தசையிலோ ஒரு கற்றை மட்டும் தளராமல் முறுக்கேறிய கயிறு போல நின்றுவிடுகிறது. அக்கற்றையின் ஓரிடத்தில் விரலால் அழுத்தினால் கடுமையாக வலிக்கும். சில வேளைகளில் அக்கற்றை விரலுக்கு அடியிலேயே துடித்து அடங்கும்.

இதுவரை சொன்னது எவரும் தம் உடம்பில் உணரக்கூடியதே. டிராவெல் வலியுறுத்தியது இதன் அடுத்த பகுதியை. அப்புள்ளியை அழுத்தும்போது வலி அங்கு மட்டும் நிற்பதில்லை, தொலைவில் உள்ள வேறோர் இடத்திலும் தோன்றுகிறது. தோள்பட்டை எலும்பின் பின்புறமுள்ள இன்ஃபிராஸ்பைனேட்டஸ் தசையில் புள்ளி இருந்தால் தோளின் முன்புறம் வலிக்கும். கழுத்திலிருந்து தோள்மேல் படரும் டிரபீசியஸ் தசையில் இருந்தால் நெற்றிப்பொட்டில் தலைவலியாகத் தெரியும். பிட்டத்தின் உள்ளே உள்ள குளூட்டியஸ் மினிமஸ் தசையில் இருந்தால் கால் நெடுக இறங்கி, நரம்பு நசுங்கியதால் வரும் வலி போலவே தோற்றமளிக்கும். கெண்டைக்காலின் சோலியஸ் தசையில் இருந்தால் குதிகால் வலிக்கும். நோயாளி கை வைத்துக் காட்டும் இடத்தைத் தேய்த்துப் பயனில்லை, வலியை அனுப்பும் இடத்தைத் தேடிப் பிடிக்க வேண்டும் என்பதே டிராவெல் தம் வாழ்நாள் முழுதும் சொல்லி வந்த செய்தி.

இளமையும் கல்வியும்

ஜேனட் நியூயார்க் நகரில் பிறந்தார். தந்தை வில்லார்டு டிராவெல் ஒரு மருத்துவர். மருந்துகளோடு நில்லாமல் மின்சாரம் முதலிய புறச் சிகிச்சைகளாலும் உடல்வலியைப் போக்க முயன்றவர். ஜேனட்டும் அவருடைய தமக்கை வர்ஜீனியாவும் தந்தையைப் பின்பற்றி மருத்துவர்களாயினர். பெண்கள் மருத்துவக் கல்லூரிகளில் அரிதாகவே காணப்பட்ட காலம் அது.

வெல்லெஸ்லி மகளிர் கல்லூரியில் 1922 ஆம் ஆண்டில் பட்டம் பெற்றார். அங்கு டென்னிசிலும் சிறந்து விளங்கினார். பின்னர் கார்னெல் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1926 ஆம் ஆண்டில் முதல் மாணவராகத் தேறினார். நியூயார்க் மருத்துவமனையில் பயிற்சி பெற்ற ஆண்டுகளில் நகரக் காவல்துறையின் ஆம்புலன்ஸ் மருத்துவராகவும் பணிபுரிந்தார். 1929 ஆம் ஆண்டில் முதலீட்டு ஆலோசகரான ஜான் பவல் என்பவரை மணந்தார். இவர்களுக்கு இரு மகள்கள். திருமணத்திற்குப் பின்னரும் டிராவெல் என்ற பெயரிலேயே மருத்துவம் பார்த்தார்.

தொடக்கத்தில் இவருடைய துறை இதயமும் மருந்துகளுமே. இதய நோய்க்குத் தரப்படும் டிஜிட்டாலிஸ் என்னும் மருந்து நிமோனியா நோயாளிகளிடம் எவ்வாறு செயல்படுகிறது என்பதை பெல்வியூ மருத்துவமனையில் ஆய்ந்தார். பின்னர் கார்னெலிலேயே மருந்தியல் ஆசிரியரானார். தசையைப் பற்றி எண்ணுவதற்கு அப்போது அவருக்கு எந்தக் காரணமும் இருக்கவில்லை.

தசையின் பக்கம் திரும்பியது

1930களில் ஸ்டேட்டன் தீவில் உள்ள சீ வியூ மருத்துவமனையில் டிராவெல் இதயநோய் ஆலோசகராக இருந்தார். அங்கிருந்தோரில் பெரும்பாலோர் கடுமையான நுரையீரல் நோயாளிகள். நலம் விசாரித்தால் அவர்களில் பலர் தம்மைக் கொல்லக்கூடிய நோயைப் பற்றிப் பேசுவதில்லை, தோளும் கையும் வலித்து உறங்க முடியவில்லை என்றே முறையிட்டனர். எக்ஸ்ரே படத்தில் தோளில் எதுவும் தென்படவில்லை. இத்தகைய வலி மனத்தால் வருவது என்று தள்ளிவிடுவது அன்றைய வழக்கம். டிராவெல் அவர்களுடைய தோள்களைக் கையால் அழுத்திப் பார்த்தார். தசையில் குறிப்பிட்ட இடங்களில் விரல் பட்டதும், அவர்கள் சொல்லி வந்த அதே வலி மீண்டும் எழுந்தது.

ஏறத்தாழ அதே காலத்தில் அவருக்கே தோள்வலி வந்தது. தம் தோள்பட்டைத் தசைகளைத் தாமே அழுத்தியபோது கையில் வலி ஓடுவதைக் கண்டார். நோயாளிகள் கற்பனை செய்யவில்லை என்பதற்கு இதைவிட நேரடியான சான்று வேறெது!

1939 முதல் 1941 வரை மேசி அறக்கட்டளையின் உதவித்தொகையில் பெத் இஸ்ரேல் மருத்துவமனையில் தமனி நோய்களைப் பற்றி ஆய்ந்தபோது இத்தேடல் விரிவடைந்தது. அவருக்கு முன்பே இங்கிலாந்தில் ஜோனாஸ் கெல்க்ரென் என்னும் மருத்துவர் ஒரு சோதனை செய்திருந்தார். தசைகளில் செறிந்த உப்புக் கரைசலை ஊசி மூலம் செலுத்தினால் வலி அத்தசையில் மட்டுமன்றித் தொலைவிலும் தோன்றுகிறது என்பதை 1938 ஆம் ஆண்டில் அவர் வெளியிட்டார். டிராவெல் இதைப் பற்றிக்கொண்டார். கெல்க்ரென் செயற்கையாக உண்டாக்கிய வலிக்கும், தம் நோயாளிகளிடம் இயற்கையாக உள்ள வலிக்கும் ஒற்றுமை இருப்பதை உணர்ந்தார்.

இதயநோய் மருத்துவர் சீமோர் ரின்ஸ்லரும் மற்றொருவரும் உடனிருக்க, தோள், கை வலிகளுக்குத் தூண்டுபுள்ளியில் புரோகேயின் என்னும் மரத்துப்போகச் செய்யும் மருந்தை ஊசியால் செலுத்தும் முறையை 1942 ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவக் கழகத்தின் இதழில் வெளியிட்டார். மருந்தின் வேலை ஒரு மணி நேர அளவில் முடிந்துவிடும், ஆனால் வலி நீங்கியிருப்பதோ நாட்கணக்கில் அல்லது வாரக்கணக்கில். ஒரு சுழற்சி அறுபடுகிறது என்பது அவர் தந்த விளக்கம். தசை இறுகுவதால் வலி, வலியால் மேலும் இறுக்கம். நிரல் எழுதுவோர் முடிவிலாச் சுழல் என்பதை நினைத்துக்கொள்ளலாம்.

ரின்ஸ்லருடன் சேர்ந்து அவர் செய்த மற்றோர் ஆய்வு மார்புவலி பற்றியது. மாரடைப்பு வந்தவர்களின் மார்புத் தசைகளிலும் தூண்டுபுள்ளிகள் உண்டாகி, இதயம் ஓரளவு தேறிய பின்னரும் வலியைத் தொடரச் செய்கின்றன என்று 1940களின் பிற்பகுதியில் எழுதினர். அங்கு ஊசி போட்டால் வலி தணிந்தது. இதில் ஓர் ஆபத்தும் உண்டு என்பதை டிராவெல் அறிந்திருந்தார். இதயத்திலிருந்தே எழும் வலியும் தசையில் செய்யும் சிகிச்சையால் சற்றுத் தணியக்கூடும். எனவே அழுத்தியதும் வலி நின்றுவிட்டது என்பது இதயம் நலமாக உள்ளது என்பதற்குச் சான்றாகாது. மார்புவலியுடன் மசாஜுக்குச் செல்வோர் கட்டாயம் அறிந்திருக்க வேண்டியது இது.

1952 ஆம் ஆண்டில் இருவரும் முப்பதுக்கும் மேற்பட்ட தசைகளுக்கு வலி பரவும் இடங்களைப் படங்களாக வரைந்து வெளியிட்டனர். இன்று மசாஜ் நிலையச் சுவர்களில் சிவப்புப் புள்ளிகளோடு தொங்கும் மனித உருவப் படங்களுக்கு மூலம் இதுவே எனலாம்.

ஊசிக்கு மாற்றாகக் குளிர்தெளிப்பையும் அவர் கையாண்டார். ஆவியாகும்போது தோலைச் சட்டெனக் குளிரச் செய்யும் எத்தில் குளோரைடு திரவத்தைத் தசையின் நீளவாட்டில் தெளித்து, அக்கணமே தசையை மெல்ல நீட்டுவது இம்முறை. தோலில் ஏற்படும் குளிர்ச்சி வலியுணர்வைத் திசை திருப்புவதால், இறுகிய தசை எதிர்ப்பின்றி நீள்கிறது. இத்தெளிப்பை அவருக்கு முன்பே பயன்படுத்தியவர் ஆஸ்திரியாவிலிருந்து வந்து நியூயார்க்கில் குடியேறிய ஹான்ஸ் கிராஸ் என்னும் மருத்துவர். இப்பெயர் பின்னர் வேறொரு சூழலில் மீண்டும் வரும். எத்தில் குளோரைடு எளிதில் தீப்பிடிக்கும், முகர்ந்தால் மயக்கமும் தரும். ஆகவே டிராவெல் பிற்காலத்தில் ஃபுளோரின் சேர்ந்த வேறொரு திரவத்திற்கு மாறினார். அது ஓசோன் படலத்தைக் கெடுப்பதால் பின்னர் அதுவும் கைவிடப்பட்டது.

கென்னடியும் டிராவெலும்

1954 அக்டோபரில் அப்போது செனட்டராக இருந்த கென்னடிக்கு முதுகெலும்பில் அறுவை சிகிச்சை செய்து உலோகத் தகடு பொருத்தினர். புண்ணில் கிருமி தொற்றி அவர் சாவின் விளிம்புவரை சென்றார். 1955 பிப்ரவரியில் மீண்டும் அறுத்துத் தகட்டை அகற்றினர். வலி மட்டும் போகவில்லை. அவ்வாண்டு மே மாதம் ஊன்றுகோலுடன் நியூயார்க்கில் டிராவெலின் மருத்துவமனைக்கு வந்தார்.

டிராவெல் முதுகெலும்பைவிட அதைச் சுற்றியிருந்த தசைகளையே பார்த்தார். அவற்றில் புரோகேயின் ஊசிகள் போட்டார். கென்னடியின் இடக்கால் வலக்காலைவிடச் சற்றுக் குட்டை என்பதைக் கண்டு, காலணியின் குதியை உயர்த்தச் செய்தார். கால்கள் சமமின்றி இருந்தால் இடுப்பு ஒருபுறம் சாயும். நாள் முழுதும் அதைச் சரிசெய்ய இடுப்புத் தசைகள் உழைக்கும். ஊசி போட்டு நீக்கிய வலி மறுநாள் திரும்பும். இத்தகைய காரணங்களை டிராவெல் நீடிக்கச் செய்யும் காரணிகள் என்றார். குட்டைக் கால், தவறான நாற்காலி, ஊட்டச்சத்துக் குறைவு எல்லாம் அதில் அடங்கும். அவருடைய மருத்துவத்தில் மிகவும் நுட்பமான பகுதி இதுவே என்பது இக்கட்டுரையாளர் கருத்து. மசாஜ் செய்வோர் பலர் வரைபடத்தை மனப்பாடம் செய்துகொண்டு இப்பகுதியை விட்டுவிடுகின்றனர்.

டிராவெலின் அறையில் இருந்த ஆடும் நாற்காலி கென்னடிக்கு மிகவும் பிடித்துவிட்டது. ஆடிக்கொண்டே இருக்கையில் முதுகுத் தசைகள் மாறி மாறி இறுகித் தளர்கின்றன, ஒரே நிலையில் உறைந்துவிடுவதில்லை என்பது மருத்துவரின் வாதம். வட கரோலினாவில் செய்யப்பட்ட அவ்வகை நாற்காலி வெள்ளை மாளிகைக்கும் சென்று, கென்னடியின் அடையாளங்களில் ஒன்றாயிற்று.

1960 தேர்தலின்போது டிராவெல் சிக்கலான ஒரு செயலைச் செய்தார். கென்னடிக்கு அடிசன் நோய் உள்ளது என்று போட்டியாளரின் ஆதரவாளர்கள் கட்சி மாநாட்டிற்கு முன் குற்றஞ்சாட்டினர். சிறுநீரகங்களின் மேலுள்ள அட்ரினல் சுரப்பிகள் குன்றுவதால் வரும் நோய் அது. டிராவெலும், நாளமில்லாச் சுரப்பி மருத்துவர் யூஜின் கோஹனும் கென்னடி சிறந்த உடல்நலத்துடன் இருப்பதாக உறுதியளித்துக் கையொப்பமிட்டிருந்த கடிதம் அப்போது பயன்பட்டது. கென்னடி அட்ரினல் குறைபாட்டிற்காக நாள்தோறும் ஹார்மோன் மருந்து உட்கொண்டு வந்ததை இருவரும் அறிவர். நோயாளியின் இரகசியத்தைக் காப்பது மருத்துவரின் கடமை, உண்மைதான். ஆனால் கேட்கப்படாமல் மௌனமாக இருப்பது வேறு, நலம் என்று எழுதித் தருவது வேறு. கென்னடியின் மருத்துவப் பதிவேடுகளை 2002 ஆம் ஆண்டில் வரலாற்றாசிரியர் ராபர்ட் டாலெக் பார்வையிட்ட பின்னரே மறைக்கப்பட்டதன் முழு அளவு வெளியுலகிற்குத் தெரிந்தது. அவற்றில் டிராவெல் எழுதி வைத்த குறிப்புகளும் அடங்கும். எதையும் விடாமல் எழுதி வைக்கும் அவருடைய பழக்கமே பின்னாளில் சாட்சியாயிற்று.

வெள்ளை மாளிகையில்

1961 ஜனவரியில் டிராவெல் வெள்ளை மாளிகை மருத்துவரானார். அப்போது அவருக்கு வயது 59. அவ்வாண்டு மே மாதம் கனடாவின் ஒட்டாவா நகரில் மரக்கன்று நடும் சடங்கில் மண்ணை அள்ளிப் போட்ட கென்னடிக்கு முதுகு மீண்டும் பிடித்துக்கொண்டது. ஊன்றுகோல்கள் திரும்பின. டிராவெல் புரோகேயின் ஊசிகளை அடிக்கடி போடலானார்.

வெள்ளை மாளிகையின் மற்ற மருத்துவர்களுக்கு, குறிப்பாகக் கடற்படை மருத்துவர் ஜார்ஜ் பர்க்லிக்கு, இது கவலையளித்தது. ஊசி வலியை மறைக்கிறது, ஆனால் முதுகைத் தாங்க வேண்டிய தசைகள் நாளுக்கு நாள் நலிகின்றன, இப்படியே போனால் கென்னடி சக்கர நாற்காலியில்தான் அமர வேண்டிவரும் என அவர்கள் கருதினர். கோஹனும் அவர்கள் பக்கம் நின்றார். 1961 அக்டோபரில் உடற்பயிற்சி வல்லுநர் ஒருவரை வரவழைத்தனர். அவர் வேறு யாருமல்லர், டிராவெலுக்கு முன்பே குளிர்தெளிப்பைக் கையாண்ட ஹான்ஸ் கிராஸ்தான்.

மலையேறுபவரான கிராஸ், கென்னடியின் வயிற்றுத் தசைகளும் முதுகுத் தசைகளும் மிகவும் வலுவிழந்துள்ளன என்று கண்டார். நீச்சல் குளத்தை ஒட்டிய உடற்பயிற்சி அறையில் வாரம் மும்முறை பயிற்சி தொடங்கிற்று. ஊசிகள் நின்றன. அடுத்த ஆண்டில் கென்னடியின் முதுகு குறிப்பிடத்தக்க அளவு தேறியது. டிராவெல் பதவியில் நீடித்தார், குடும்பத்தினரைக் கவனித்துக்கொண்டார். ஆயினும் குடியரசுத் தலைவரின் முதுகு அவர் கையை விட்டுப் போயிற்று.

டிராவெலுக்கு இது தோல்வியே. அவருடைய ஆதரவாளர்கள் எழுதியவற்றில் இப்பகுதி விரைவாகக் கடந்து செல்லப்படுகிறது. எதிர்ப்பாளர்களோ அவரை ஊசிப் பித்துப் பிடித்தவராகவே சித்திரிக்கின்றனர். இரண்டும் முழுமையன்று. தூண்டுபுள்ளியைத் தளர்த்திய பின் தசையை நீட்டி, படிப்படியாக உழைக்கச் செய்ய வேண்டும் என்பது டிராவெல் தாமே பிற்காலத்தில் விரிவாக எழுதிய முறைதான். தம் மிகப் புகழ்பெற்ற நோயாளியிடம் அதன் முதற்பாதி மட்டுமே நடந்தது. நாட்டின் தலைவர் இன்று மாலைக் கூட்டத்திற்கு நிமிர்ந்து நடந்து செல்ல வேண்டும் எனக் கேட்கும்போது, ஆறு மாதப் பயிற்சியைப் பரிந்துரைப்பதைவிட ஊசி எடுப்பது எளிது.

கென்னடி 1963 நவம்பரில் கொல்லப்பட்ட பின், லிண்டன் ஜான்சன் காலத்திலும் 1965 வரை வெள்ளை மாளிகையில் பணியாற்றினார். பின்னர் வாஷிங்டனில் ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் கற்பித்தார். 1968 ஆம் ஆண்டில் தன்வரலாற்று நூல் ஒன்றை வெளியிட்டார்.

நாற்காலிகள்

அமரும் இருக்கைகள் தசைக்கு இழைக்கும் தீங்கைப் பற்றி டிராவெல் 1950களிலேயே எழுதி வந்தார். தொடையின் நீளத்தைவிட ஆழமான இருக்கை, இடுப்பின் வளைவைத் தாங்காத முதுகுச் சாய்வு, தோளை மேலே தூக்கும் உயரமான கைப்பிடி அல்லது கையே எட்டாத தாழ்ந்த கைப்பிடி ஆகியவை அவர் பட்டியலிட்ட குறைகள். தொழில் வடிவமைப்பாளர் ஹென்றி டிரைஃபஸ், ஜான் டியர் நிறுவனத்தின் டிராக்டர்களுக்கு இருக்கை வடிவமைத்தபோது இவரிடம் ஆலோசனை பெற்றார். வயலில் நாள் முழுதும் குலுங்குவோருக்கும் கென்னடிக்கும் ஒரே முதுகுதானே! கணினிக்கு முன் பத்து மணி நேரம் அமர்ந்து, சுட்டியைப் பிடித்த தோள் மட்டும் வலிப்பதாகச் சொல்லும் இன்றைய தலைமுறைக்கு இக்குறிப்புகள் இன்னும் பழையன ஆகிவிடவில்லை.

சைமன்சும் சிவப்பு நூல்களும்

டேவிட் சைமன்ஸ் அமெரிக்க வான்படை மருத்துவர். 1957 ஆகஸ்டில் மேன்ஹை என்னும் திட்டத்தில் பலூனில் தனியே 30 கிலோமீட்டருக்கும் மேல் உயரே சென்று புகழ்பெற்றவர். 1960களில் டிராவெலின் விரிவுரையைக் கேட்டு இத்துறைக்கு வந்தார். டிராவெலிடம் கைப்பழக்கமும் நோயாளிகளின் குறிப்புகளும் மலையாகக் குவிந்திருந்தன, சைமன்சிடம் ஆய்வாளருக்குரிய ஒழுங்கு இருந்தது. இருவரும் சேர்ந்து எழுதிய கையேட்டின் முதல் தொகுதி, உடலின் மேற்பாதி பற்றியது, 1983 ஆம் ஆண்டில் வெளிவந்தது. கீழ்ப்பாதி பற்றிய இரண்டாம் தொகுதி 1992 ஆம் ஆண்டில் வந்தபோது டிராவெலுக்கு 90 வயது.

தசைக்கு ஓர் இயல் என்ற முறையில் அமைந்த நூல் இது. ஒவ்வோர் இயலிலும் அத்தசையின் வலி எங்கு பரவும், எது அதைக் கெடுக்கும், விரலால் எப்படித் தேடுவது, எப்படி நீட்டுவது, எங்கு ஊசி போடுவது, நோயாளி வீட்டில் என்ன செய்ய வேண்டும் என்பன தரப்பட்டுள்ளன. படங்களில் வலி செந்நிறத்தில் அடர்ந்தும் தெறித்தும் காட்டப்பட்டுள்ளது.

மசாஜ் தொழிலில்

மசாஜ் செய்வோருக்கு ஊசி போட உரிமை இல்லை. ஆனால் கையேட்டில் ஊசியும் தெளிப்பும் மட்டும் இல்லை, விரல் அழுத்தமும் இருந்தது. புள்ளியின் மேல் பொறுக்கக்கூடிய அளவு அழுத்தி, வலி தணியத் தணிய அழுத்தத்தைக் கூட்டிச் செல்வது அம்முறை. முதற்பதிப்பில் இரத்த ஓட்டத்தைத் தடுக்கும் அளவுக்கு அழுத்துவதாக விளக்கப்பட்டது. பின்னர் வந்த பதிப்பில் அது மென்மையாக்கப்பட்டு, விரலுக்கடியில் தசை தளர்வதை உணரும் வரை மட்டும் அழுத்தினால் போதும் என மாற்றப்பட்டது. வலிக்க வலிக்க அழுத்துவதே நல்ல மசாஜ் என்று எண்ணுவோர் இத்திருத்தத்தைக் கவனிக்க வேண்டும்.

கிராசுடன் பணியாற்றிய உடற்பயிற்சி ஆசிரியை போனி புரூடன், ஊசியின்றி விரலும் முழங்கையும் கொண்டு அழுத்தும் முறையை வளர்த்து 1980 ஆம் ஆண்டில் பொதுமக்களுக்கான நூலாக எழுதினார். 2001 ஆம் ஆண்டில் கிளேர் டேவிஸ் எழுதிய பயிற்சி நூல் மேலும் பரவலாயிற்று. இவர் பியானோ சுருதி சேர்க்கும் தொழில் செய்தவர். தம் தோள்வலியைத் தீர்க்க டிராவெலின் கையேட்டைத் தாமே படித்து, பின்னர் மசாஜ் கற்றவர். இவ்வாறு மருத்துவர்களுக்கென எழுதப்பட்ட நூல், மருத்துவக் கல்லூரிகளைவிட மசாஜ் பள்ளிகளில் அதிகம் படிக்கப்படலாயிற்று.

மசாஜ் செய்பவர் முதலில் வலி எங்குள்ளது எனக் கேட்கிறார், பின் வரைபடத்தின்படி அதை அனுப்பக்கூடிய தசைகளில் தேடுகிறார். தட்டையான தசையை எலும்போடு சேர்த்து விரல்நுனியால் உருட்டியும், கழுத்தின் பக்கவாட்டுத் தசை போன்றவற்றைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே பிடித்தும் பார்க்கிறார். அழுத்தும்போது வருவது தாம் அறிந்த அதே வலிதானா என்பதை நோயாளி சொல்ல வேண்டும். ஆம் எனில் அப்புள்ளியை அழுத்தித் தளர்த்தி, தசையை நீட்டி, வெப்பம் கொடுத்து முடிக்கிறார். தளர்த்திய தசையை அதன் முழு நீளத்திற்கும் இயக்கிப் பார்க்க வேண்டும். இதைச் செய்யாவிட்டால் வலி விரைவில் திரும்பும் என்று டிராவெல் எச்சரித்தார்.

தொடரும் ஐயங்கள்

தூண்டுபுள்ளி உண்மையில் உள்ளதா என்ற கேள்வி டிராவெல் வாழ்ந்த காலத்திலேயே எழுந்தது. இரத்தச் சோதனையோ எக்ஸ்ரேயோ அதைக் காட்டுவதில்லை, விரலே கருவி. அவ்வாறாயின் இரு மருத்துவர்களின் விரல்கள் ஒரே இடத்தைக் காட்ட வேண்டுமே? 1992 ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வில், துறை வல்லுநர்களிடம் யார் நோயாளி, யார் நலமானவர் எனத் தெரிவிக்காமல் சோதிக்கச் செய்தபோது, அவர்களுடைய முடிவுகள் ஒத்துப்போகவில்லை. முறுக்கேறிய கற்றை நலமானவர்களிடமும் காணப்பட்டது. 1997 ஆம் ஆண்டில் மற்றொரு குழு, முன்னதாக ஒன்றாக அமர்ந்து பயிற்சி செய்துகொண்டால் ஓரளவு உடன்பாடு கிட்டுகிறது எனக் காட்டிற்று.

புள்ளியினுள் நுண் ஊசி வைத்து அளந்தோர், சுற்றியுள்ள தசை அமைதியாக இருக்கையில் அங்கு மட்டும் மின்துடிப்பு இருப்பதை 1993 ஆம் ஆண்டில் கண்டனர். அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனங்களில் ஜே ஷா குழுவினர் 2000களில் அப்புள்ளியிலிருந்து நீரை உறிஞ்சி, வலியையும் அழற்சியையும் தூண்டும் பொருட்கள் அங்கு மிகுந்திருப்பதாக அறிவித்தனர். எதிர்த்தரப்பும் ஓயவில்லை. 2015 ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவின் ஜான் குவின்ட்னரும் உடன் இருவரும், வலி தசையிலிருந்து பிறக்கிறது என்ற கொள்கையே தவறு, நரம்புகளின் கூருணர்வே காரணமாக இருக்கலாம் என வாதிட்டனர். அழுத்தினால் பலருக்கு வலி குறைகிறது என்பதை இரு தரப்பினரும் மறுப்பதில்லை. ஏன் குறைகிறது என்பதிலும், வெறும் தொடுகையால் வரும் ஆறுதலைவிட அது எவ்வளவு மிகுதி என்பதிலுமே பூசல்.

டிராவெலின் வரைபடங்கள் நோயாளிகள் தம் வாயால் சொன்னவற்றைப் பல்லாண்டுகள் பொறுமையுடன் குறித்துத் தொகுத்தவை. கொள்கை தவறு என நாளை முடிவானாலும், இத்தசையை அழுத்தினால் அவ்விடத்தில் வலிக்கிறது என்ற குறிப்புகளை வேறு வகையில் விளக்க வேண்டிய கடமை இருந்துகொண்டே இருக்கும்.

இறுதிக் காலம்

கணவர் 1973 ஆம் ஆண்டில் காலமானார். டிராவெல் தொண்ணூறு வயதைக் கடந்த பின்னரும் இத்துறையில் ஈடுபாடு குன்றாமல் இருந்தார். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் நார்த்தாம்டன் நகரில் ஆகஸ்டு 1, 1997 அன்று இதயச் செயலிழப்பால் தம் 95 ஆம் வயதில் மறைந்தார். முதல் தொகுதியின் திருத்திய பதிப்பைச் சைமன்சும், இயன்முறை மருத்துவரான அவர் மனைவி லோயிஸ் சைமன்சும் நிறைவு செய்தனர். டேவிட் சைமன்ஸ் 2010 ஆம் ஆண்டில் காலமானார். வேறு ஆசிரியர்கள் தொகுத்து 2018 ஆம் ஆண்டில் கொண்டுவந்த மூன்றாம் பதிப்பில் இரு தொகுதிகளும் ஒன்றாக்கப்பட்டன, தலைப்பில் டிராவெலின் பெயர் முதலாவதாக உள்ளது.